காப்பி சோப்பு: காஸ்டிக் சோடாவா, உருக்கி ஊற்றுவதா?

காப்பி சோப்பு வீட்டில் செய்ய நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தச் சோப்பு எங்கே இருக்கப் போகிறது என்பதைத்தான். சமையலறைத் தொட்டி ஓரத்திலா, குளியலறையிலா, தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பலகாரப் பையிலா? எந்த முறையில் செய்வது, எந்தக் காப்பியை எடுப்பது என்ற மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதிலிருந்துதான் கிளம்புகிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து, எண்ணெயைச் சோப்பாக்கும், ஆனால் தோலை அரிக்கும் காரமான காஸ்டிக் சோடாவை வாங்கி வந்துவிட்டு, அப்புறம்தான் வீட்டில் நடை பழகும் குழந்தை இருப்பதை யோசிக்கிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பி சோப்பு காப்பி மாதிரி மணக்காது. காஸ்டிக் சோடா பட்ட காப்பியில் அந்த மணம் நிற்பதில்லை. கடையில் விற்கிற காப்பி சோப்பு கமகமவென்று இருந்தால், பெரும்பாலும் அதில் வாசனை எண்ணெயைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். காஃபின் தோலை இறுக்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்வதையும் நம்பி இறங்க வேண்டாம். நுரை போட்டு ஒரு நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருள் அது. காப்பி உண்மையில் தருவது இரண்டு: நல்ல பழுப்பு நிறம், தேய்த்தால் தெரியும் நறநறப்பு.

இந்த நறநறப்புக்குத்தான் நம் வீடுகளில் வேலை இருக்கிறது. மீன் ஆய்ந்த கை, பூண்டு உரித்த நகம், சம்பால் இடித்தபின் விரலிடுக்கில் தங்கும் பெலாச்சான் (இறால் விழுது) வாடை, கறிக்கு அரைத்த மஞ்சள் எல்லாமே சாதாரண சோப்பை இரண்டு தடவை போட்டாலும் முழுதாகப் போவதில்லை. காப்பிச் சக்கை கலந்த கட்டியில் நக ஓரம் வரை தேய்த்துக் கழுவினால் நன்றாகவே குறைகிறது. என் கணக்கில் காப்பி சோப்பின் சரியான இடம் சமையலறைதான். குளிக்க வேண்டுமானால் முழங்கை, குதிகால், முதுகு வரை சரி. முகத்துக்கும் குழந்தைகளின் தோலுக்கும் அது முரடு.

எந்த முறை

வழிகள் நான்கு இருக்கின்றன. காஸ்டிக் சோடாவையும் எண்ணெயையும் அடுப்பில் ஏற்றாமலே கலந்து செய்யும் குளிர்முறை, அதே கலவையை வேகவைக்கும் சூடுமுறை, தயாராகக் கிடைக்கும் கிளிசரின் கட்டியை உருக்கி ஊற்றுவது, கடைச் சோப்பைத் துருவி மறுபடி வார்ப்பது.

கடைசி வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துருவிய சோப்பில் கொஞ்சம் காப்பித் தண்ணீர் விட்டு மெல்லிய சூட்டில் இளக்கினால் கரடுமுரடான ஒரு கட்டி கிடைக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம், அதற்குமேல் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிற சோப்பின் உறையைப் படியுங்கள். சோடியம் டாலோவேட் என்று போட்டிருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. சோடியம் பாமேட் என்றால் செம்பனை எண்ணெய், சோடியம் கோக்கோவேட் என்றால் தேங்காய் எண்ணெய். நம் வீடுகளுக்கு மட்டுமல்ல, மலாய்க்கார அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உருக்கி ஊற்றும் முறையைச் சிலர் மட்டமாகப் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காஸ்டிக் சோடாவைக் கையால் தொடாமல், ஒரே மாலையில் வேலை முடிந்து, மறுநாளே கையில் பிடிக்கக்கூடிய சோப்பு வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. சோப்பு செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் கிளிசரின் கட்டி கிலோ கணக்கில் கிடைக்கிறது. தாவர எண்ணெயில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்க வேண்டும், கொதிக்க விடக் கூடாது. 500 கிராம் கட்டிக்கு ஒரு மேசைக்கரண்டி காய்ந்த காப்பிச் சக்கை போதும். சூடாக இருக்கும்போதே கொட்டினால் சக்கை முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். 50 டிகிரி அளவுக்கு ஆறி, கரண்டியில் சற்றுத் தடிக்கத் தொடங்கும்போது கலந்து ஊற்றினால் பரவலாக நிற்கும்.

இந்த முறைக்குப் பினாங்கில் ஒரு தனித் தொல்லை உண்டு. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அச்சிலிருந்து எடுத்த கட்டியை மேசைமேல் விட்டுவிட்டால் சீக்கிரமே மேலெல்லாம் முத்து முத்தாக வேர்த்து நிற்கும். சோப்பு கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், ஆனால் பார்க்க நன்றாக இராது, கையில் பிசுபிசுக்கும். எடுத்த கையோடு ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். அதே காரணத்தால் காய்ச்சிய காப்பியை இதில் நிறைய ஊற்றக் கூடாது. நிறம் வேண்டுமானால் அரைத் தேக்கரண்டி உடனடிக் காப்பித்தூளைக் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துச் சேர்க்கலாம். ஈரச் சக்கை போட்டால் பூஞ்சை வரும். அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாகக் காய்ந்த சக்கைதான் வேண்டும்.

குளிர்முறை

எனக்குப் பிடித்தது இதுதான். எண்ணெயை நாமே தேர்ந்தெடுக்கிறோம், கட்டி கெட்டியாக வருகிறது, வேர்ப்பதும் மிகக் குறைவு, சமையலறையில் தினமும் தேய்த்தாலும் நாள்பட உழைக்கிறது. ஆனால் நடுவில் காஸ்டிக் சோடா இருக்கிறது, அதற்குரிய மரியாதையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

காப்பியை வைத்துச் செய்யும்போது ஒரு வேலை கூடுதல். காய்ச்சிய காப்பியை முந்தைய நாளே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்க வேண்டும். காஸ்டிக் சோடா தண்ணீரில் விழுந்தாலே சூடு 80 டிகிரியைத் தாண்டக்கூடும். காப்பியும் ஆறாமல் இருந்தால் பொங்கும், வாடையும் தாங்காது. உறைந்த காப்பிக் கட்டிகளை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, காஸ்டிக் சோடாவை ஒவ்வொரு கரண்டியாகத் தூவிக் கிளற வேண்டும். காப்பியின் மேல்தான் சோடாவைத் தூவ வேண்டும். சோடாவின் மேல் காப்பியை ஊற்றினால் தெறிக்கும், அது கண்ணுக்கு ஆபத்து. முதல் கரண்டியிலேயே ஐஸ் சட்டென்று விரிசல் விட்டு உருகும், கறுப்பு மெல்லச் செம்பழுப்பாக மாறும், தீய்ந்த காப்பியும் அமோனியாவும் கலந்தாற்போல ஒரு வாடை எழும். இந்த வாடையில்தான் பலர் பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பின்பக்க பால்கனியிலோ திறந்த சன்னலை ஒட்டியோ செய்யுங்கள். காயவைக்கும் வாரங்களில் அந்த வாடை பெரும்பாலும் போய்விடும்.

நான் சொல்லும் அளவு இது: சமையல் செம்பனை எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 72 கிராம், உறைந்த கறுப்புக் காப்பி 150 கிராம், காய்ந்த காப்பிச் சக்கை ஒரு மேசைக்கரண்டி. ஏறக்குறைய ஏழு கட்டி வரும். 100 கிராம் தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க 18.3 கிராம் காஸ்டிக் சோடா தேவை, செம்பனைக்கு 14.1, விளக்கெண்ணெய்க்கு 12.8. கூட்டினால் 76 கிராம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்தால் 72. இப்படிக் குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி, கையை வறட்டாமல் இருக்கும். எண்ணெயை மாற்றினால் சோடா அளவும் மாறும். நல்லெண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று கண்ணளவில் மாற்றிப் போடக் கூடாது. கணக்குப் போட இணையத்தில் சோப்புக் கணிப்பான்கள் இலவசமாக இருக்கின்றன. சக்கையைத் தவிர எல்லாமே எடை, எதுவும் கரண்டி அளவோ கப் அளவோ கிடையாது. ஒரு கிராம் வரை காட்டும் மின் தராசு இல்லாமல் இந்த முறையில் இறங்க வேண்டாம்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் தேங்காய் எண்ணெயை முதலில் உருக்கச் சொல்வார்கள். அது 24, 25 டிகிரிக்குக் கீழேதான் உறையும், பினாங்கில் எப்போதும் தண்ணீராகவே இருக்கும். அடுப்பே வேண்டாம். கரைசலைச் சூடு தணிந்தபின் வடிகட்டி எண்ணெயில் ஊற்றி, கை பிளெண்டரால் விட்டுவிட்டு அடித்தால் கொஞ்ச நேரத்தில் கலவை தடிக்கும். கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் மேலே கோடு கலையாமல் நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் சக்கையைக் கலந்து சிலிக்கான் அச்சிலோ, பேக்கிங் தாள் விரித்த பெட்டியிலோ ஊற்றலாம். நீண்டநாள் கெடாத பால் பெட்டியை அச்சாக வைக்காதீர்கள். அதன் உள்பக்கம் அலுமினியத் தாள் உண்டு, அலுமினியத்தோடு காஸ்டிக் சோடா பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அலுமினியச் சட்டி, அலுமினியக் கரண்டி எதுவுமே கூடாது. ஒன்றிரண்டு நாளில் கட்டியை வெட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, 4 முதல் 6 வாரம் நிழலில் காற்றோட்டமாகக் காயவைக்க வேண்டும்.

“சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல இதெல்லாம் தேவையா, தங்கச்சி?” என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். சரியான கேள்வி. பிள்ளைகள் பள்ளியிலோ பாட்டி வீட்டிலோ இருக்கும் நேரத்தில், கதவைச் சாத்தி, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுச் செய்ய முடிந்தால் செய்யலாம். மிச்சமுள்ள சோடாவைப் பூட்டி வைக்க ஓர் அலமாரி வேண்டும். இந்த இரண்டும் முடியாத வீட்டில் உருக்கி ஊற்றும் முறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. தோலில் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே, ஆளை அனுப்பி மருத்துவமனைக்கு வண்டி பிடியுங்கள்.

சூடுமுறை இதற்கும் உருக்கி ஊற்றுவதற்கும் நடுவில் நிற்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, காஸ்டிக் சோடா இதிலும் அதே அளவுதான், அதே ஆபத்துதான். ஸ்லோ குக்கரில் ஒன்றிரண்டு மணி நேரம் வேகும்போதே சோப்பாகிவிடுவதால் சீக்கிரம் புழங்கலாம், அது ஒன்றே லாபம். ஓரிரு வாரம் காய்ந்தால் இன்னும் கெட்டியாகும். கட்டி வழவழப்பாக வராது. ஏற்கெனவே புழுங்கும் பிளாட் சமையலறையில் மணிக்கணக்காக அந்த வாடையோடு நிற்க எனக்கு இஷ்டமில்லை. அந்த ஸ்லோ குக்கரில் அப்புறம் சூப்பும் வைக்க முடியாது.

எந்தக் காப்பி

இங்கேதான் மலேசியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்ற முடியாது. அந்தக் குறிப்புகள் வெறும் கொட்டையை வறுத்து அரைத்த தூளை மனத்தில் வைத்து எழுதியவை. நம் காப்பிக் கடைகளில் போடும் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) தூள் பெரும்பாலும் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது. பாக்கெட்டில் ‘கோப்பி சம்புரான்’ என்று இருந்தால் காப்பியோடு வேறு பொருள்களும் கலந்திருக்கிறது என்று பொருள். காஸ்டிக் சோடாவோடு சர்க்கரை சேர்ந்தால் சூடு இன்னும் ஏறும், கலவை கருகி அச்சிலேயே பொங்கவும் பிளக்கவும் கூடும். ஆகவே சர்க்கரை வேண்டாம் என்பதற்கு ‘கோசோங்’ என்று சொல்லி வாங்கிய காப்பியில்கூட வறுக்கும்போது சேர்ந்த சர்க்கரை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். குளிர்முறைக்கு அதைக் கரைசலாக நான் எடுக்க மாட்டேன்.

த்ரீ இன் ஒன் பாக்கெட்டும் ஈப்போ வெள்ளைக் காப்பிப் பாக்கெட்டும் எந்த முறைக்கும் வேண்டாம். அவற்றில் சர்க்கரையும் பால்மாவு மாதிரியான கிரீமரும் நிறைய இருக்கின்றன.

கரைசலுக்கு எளிதான தேர்வு, வேறெதுவும் கலக்காத உடனடிக் காப்பித்தூள். விலை குறைவு, நிறம் ஆழமாக வரும், சக்கை இல்லை. 150 கிராம் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போதும். நம் வீட்டு வடிகட்டிக் காப்பியின் டிகாக்‌ஷனும் நன்றாக இருக்கும். சிக்கரி கலந்திருந்தால் நிறம் இன்னும் கறுக்கும், அதனால் தொல்லை இல்லை, பால் மட்டும் சேரக் கூடாது.

சக்கைக்கு வேறு கணக்கு. இங்கே மிக மென்மையாக அரைத்த தூளின் சக்கைதான் வேண்டும், எஸ்பிரஸோ போடும் காப்பிக் கடைகளில் அது கிடைக்கும். கேட்டால் பல இடங்களில் சும்மாவே கொடுத்துவிடுவார்கள், எப்படியும் குப்பைக்குப் போவதுதானே. வடிகட்டிச் சக்கை அடுத்தபடி. துணிப்பையில் வடிக்கும் பழைய காப்பிக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கேட்டாலும் கிடைக்கும், ஆனால் அந்தத் தூளைப் பெருவெட்டாக அரைப்பார்கள். அதை இரண்டு தண்ணீர் அலசி, காயவைத்து, மிக்சியில் ஓட்டிச் சலித்துத்தான் போட வேண்டும். சலிக்காமல் போட்டால் கையில் கீறும். எந்தச் சக்கையானாலும் அன்றே தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள். மூடிய டப்பாவில் ஈரமாக இரண்டு நாள் இருந்தாலே பச்சை பூத்துவிடும்.

சக்கை கலந்த சோப்பை அடுக்குமாடி வீட்டில் தினமும் புழங்குகிறவர்கள் கழிவுக்குழாயையும் யோசிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சக்கை குழாயில் படியும். தொட்டி வாயில் ஒரு சிறு கண் வலை வைத்துவிட்டால் முக்கால்வாசி நின்றுவிடும். பழைய பிளாட் என்றால் நான் சக்கையே போடாமல் கரைசல் காப்பியோடு நிறுத்திவிடச் சொல்வேன். நறநறப்புக்கு அப்போது வேறு வழி பார்க்க வேண்டும்.

எண்ணெய், நாள், விற்பனை

எண்ணெய் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். செம்பனையும் தேங்காயும் உள்ளூரிலேயே கிடைக்கின்றன, விளக்கெண்ணெய் லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் இருக்கும். 2 வெள்ளி 50 சென் மானியப் பாக்கெட் எண்ணெயை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அது சமைக்கத் தேவைப்படும் குடும்பங்களுக்காக வைத்தது. போத்தல் எண்ணெயே வாங்குங்கள். ஆலிவ் எண்ணெய் மென்மையான கட்டி தரும் என்பது உண்மை, ஆனால் மீன் வாடை போக்கும் சோப்புக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

பொரித்து மிஞ்சிய எண்ணெயிலும் காப்பி சோப்பு வரும். வடிகட்டி எடுத்தால் பாத்திரம் கழுவவும் தரைத் துணி துவைக்கவும் நன்றாக உதவும். கைக்கும் உடம்புக்கும் வேண்டாம், பொரித்த வாடையைக் காப்பி மறைப்பதில்லை. ஈரக் காற்றில் ஆரஞ்சு நிறப் புள்ளி விழுந்து சிக்கடிக்கும் வாய்ப்பும் பழைய எண்ணெயில்தான் அதிகம்.

தீபாவளிக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். பண்டிகை அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை மிகுந்த மாதங்கள், கட்டி காய்வது மெதுவாகும். மின்விசிறி ஓடும் அறையில் வைத்தாலும் நான் 6 வாரத்துக்குக் குறைத்துக் கணக்குப் போட மாட்டேன். அதனால் குளிர்முறை என்றால் ஆகஸ்டு கடைசியிலேயே ஊற்றிவிட வேண்டும். அந்த நாள் தாண்டிவிட்டதா, உருக்கி ஊற்றுவதற்கு மாறிக்கொள்ளுங்கள், பண்டிகைக்கு முந்தைய வாரம்கூடச் செய்யலாம். காயாத குளிர்முறைச் சோப்பை அவசரத்துக்குக் கொடுப்பது வாங்குகிறவர் கைக்கு நல்லதல்ல.

விற்பது வேறு விஷயம். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மேசை போட்டு விற்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆசை நியாயமானதுதான். ஆனால் மலேசியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் வகையில் வருகிறது. 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவிடம் அறிவிப்புப் பதிவு செய்த பிறகே அதைச் சந்தைக்குக் கொண்டு வரலாம். தோல் நோயைத் தீர்க்கும், மெலிய வைக்கும் என்று உறையில் எழுதவும் கூடாது. சொந்தக்காரருக்குக் கொடுக்கிற கட்டியானாலும் எந்த எண்ணெய், என்ன காப்பி, எந்தத் தேதியில் செய்தது என்ற மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கட்டுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்து ஒதுக்கிவைக்க அது உதவும்.